ஹெட்டைக் கழற்றும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் அணையைப் பார்க்க வண்டியை நிறுத்துவார்கள். பல்லடத்துக்காரர் ஒருவர் பானெட்டைத் திறக்க நிறுத்தினார். பதினைந்து வருடம் ஓடிய டீசல் வண்டி, உள்ளே குடும்பம், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஆற வைத்து, என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீர் நிற்கும் டப்பாவைத் திறந்தால் உள்ளே கம்மங்கூழ் கரைத்து வைத்த மாதிரி இருந்திருக்கிறது.

கீழே இறங்கி ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். எட்டிப் பார்த்த உடனே "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்போணும்" என்று சொல்லிவிட்டார்கள். என்ஜினின் மேல்பாகம்தான் ஹெட், அதற்கும் கீழேயுள்ள பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். மனது கேட்காமல் பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு இழுத்து வந்தார்.

"ஏனுங்ண்ணா, ஹெட்டை இறக்கித்தான் ஆகோணுங்களா?"

"பொறுங்க, மொதல்ல டிப் ஸ்டிக்கைப் பாத்துக்கலாம்."

ஆயில் அளவு பார்க்கும் குச்சிதான் டிப் ஸ்டிக். அதில் ஆயில் கறுப்பாக, தண்ணீர் கலக்காமல் இருந்தது. தண்ணீரில் ஆயில் கலந்திருக்கிறது, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. எனக்கு இதுதான் முதல் தடயம். என்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் சுமார் 3 முதல் 5 பார் வரை இருக்கும். கூலன்ட் பக்கம் மூடி தாங்குவதே ஏறக்குறைய 1 பார்தான். நடுவில் எங்காவது ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும் நேரமெல்லாம் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். வண்டியை அணைத்த பிறகு கதை மாறும். ஆயில் பிரஷர் உடனே இறங்கிவிடும், சூட்டில் இருக்கும் கூலன்ட் பிரஷர் கொஞ்ச நேரம் நிற்கும். அப்போது தண்ணீரும் ஆயிலுக்குள் கசியலாம். அதனால் ஓட்டை சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்.

என்ஜின் ஆயிலை ஆற வைக்க, ஆயிலும் கூலன்டும் மெல்லிய தகடு ஒன்று மட்டும் நடுவில் இருக்க ஓடும் இடம்தான் ஆயில் கூலர். சில வண்டிகளில் ஆயில் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும், சிலதில் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் இருக்கும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் காற்றில் ஆறும் வகையும் பழைய மாடல்கள் சிலவற்றில் உண்டு, அதில் இந்தக் கலப்பு வராது.

ஹெட் கேஸ்கெட் போனாலும் ஆயில் தண்ணீரில் கலக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அப்படிப் போனால் பெரும்பாலும் வேறு அடையாளமும் சேர்ந்து வரும். என்ஜின் ஓடும்போது டப்பாவில் விடாமல் குமிழி வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ஏதாவது ஒரு சிலிண்டரில் காற்றை அமுக்கும் கம்ப்ரஷன் பிரஷர் குறையும். இந்த வண்டியில் இவை ஒன்றுமே இல்லை. கூலரைக் கழற்ற அரை நாள் போதும், ஹெட்டை இறக்கினால் நாள் கணக்கு. எதை முதலில் பார்ப்பது என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கழற்றிய கூலரைச் சோதிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. பஞ்சர் கடைக்காரர் டியூபை முக்கிப் பார்ப்பது போலத்தான். ஆயில் வழியின் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் சுமார் 60 பிஎஸ்ஐ காற்று கொடுத்து, வாளித் தண்ணீரில் முக்க வேண்டும். தண்ணீர் நல்ல சூடாக இருக்க வேண்டும், ஏனென்றால் சில கீறல்கள் தகடு சூடானால்தான் வாய் திறக்கும். இவர் கூலர் பச்சைத் தண்ணீரில் சாது மாதிரி உட்கார்ந்திருந்தது. வெந்நீரில் போட்டதும் தண்ணீர் வழியிலிருந்து குமிழி சரம் சரமாக வந்தது.

ஏன் போயிற்று? தண்ணீர் வழியை டார்ச் அடித்துப் பார்த்தேன். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகக் காரை கட்டுமே, அதே காரை. பல்லடம், அவிநாசிப் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்புத் தெரியும். அதைச் சூடாக்கினால் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் தகட்டில் படியும். கூலருக்குள் இருக்கும் சந்து ரேடியேட்டரை விடக் குறுகல், சீக்கிரம் அடைபடும். படிவுக்கு அடியில் அலுமினியம் அரிக்கும். டிக்கியைத் திறந்து பார்த்தால் 5 லிட்டர் கேனில் தோட்டத்துப் போர் தண்ணீர். குறையும்போதெல்லாம் அதைத்தான் ஊற்றியிருக்கிறார். சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவைக்காரர்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். எவ்வளவு நல்ல தண்ணீரானாலும் கூலன்டில் உள்ள துரு தடுக்கும் மருந்து அதில் கிடையாது. "நம்மூர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உறைவதைத் தடுக்க நமக்கு அது வேண்டாம், அரிப்பைத் தடுக்க வேண்டும். வழியில் அவசரம் என்றால் கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றுங்கள், ஊர் திரும்பியதும் வடித்துவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்டை ஊற்றுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பச்சையும் சிவப்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பழைய கூலரைப் பற்றவைத்துத் தரச் சிலர் முன்வருவார்கள், நான் செய்வதில்லை. பழைய இரும்புக் கடையில் கழற்றிய கூலர் மலிவாகக் கிடைக்கும், அதுவும் வேண்டாம். அது பேரிங் போன என்ஜினிலிருந்து வந்ததாக இருந்தால் உள்ளே உலோகத்தூள் ஒளிந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது. வெளியே ஹோஸ் இழுத்துக் காற்றில் ஆறும் கூலர் மாட்டித் தரச் சொல்லி இளவட்டங்கள் வருகிறார்கள். ரேஸ் ஓட்டினால் சரி. ரேஷன் கடைக்கும் காங்கயம் சந்தைக்கும் போகிற வண்டிக்கு எதற்கு? சூடேறிய பிறகு மட்டும் வழி திறக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டினால் மார்கழிக் காலையில் ஆயில் சூடேறவே நேரமாகும். அந்த ஹோஸ் ஒன்று வெடித்தால் என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் காலியாவது சில நொடி வேலை. கம்பெனி கொடுத்த அளவே போதும்.

மாட்டும்போது கெடுப்பது பெரும்பாலும் அவசரம்தான். கசிவை அடைக்கும் பழைய ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதுசை வைத்து முறுக்கிவிட்டு, மறுநாள் ஆயில் ஒழுகுகிறது என்று வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிக்கான் பேஸ்டை அள்ளி அப்பினால் மிச்சம் ஆயில் வழிக்குள் போய் அடைக்கும். அலுமினியத்தில் மரை சீக்கிரம் போகும், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரிஞ்ச் பிடித்தே முறுக்குங்கள்.

கூலரை மாற்றியது அரை நாள், கழுவியது ஒன்றரை நாள். ரேடியேட்டர், பிளாக், ஹீட்டர் எல்லாவற்றிலும் அந்தக் கூழ் ஒட்டியிருக்கும். பிளஷ் திரவம் கலந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி, ஐந்து தடவை செய்தோம். ஆயில் பட்டு ஊறிப்போன இரண்டு ஹோஸ்களை மாற்றினோம். என்ஜின் ஆயில், ஃபில்டரும் புதுசு. வடித்த கூலன்டை வாசலில் ஊற்றவில்லை. அது இனிப்பாக இருக்கும், நாயும் ஆடும் நக்கும், ஆனால் கொடிய விஷம்.

எல்லாம் சேர்த்தும் ஹெட் வேலைக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சோதனைக்கு வந்தார். டப்பாவில் இன்னும் லேசாக எண்ணெய்ப் படலம் இருந்தது. அது எதிர்பார்த்ததுதான், இன்னொரு முறை கழுவினோம். டிக்கியைத் திறந்தேன். அதே கேன், நிறையத் தண்ணீரோடு.

"என்னுங்க இது?"

"கை கழுவறதுக்குங்ண்ணா."