புயல் கரை ஏறிய பிறகு வேலூரில் என்ன நடக்கிறது?

புயல் செய்திகள் பெரும்பாலும் கரையைக் கடந்ததோடு முடிந்துவிடும். 'வலுவிழந்தது' என்ற ஒரு சொல் வந்ததும் மெரினாவிலும் கடலூர் துறைமுகத்திலும் நின்றிருந்த கேமராக்கள் கிளம்பிவிடும். பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு, விஷயமே அதற்கப்புறம்தான். வேலூர் நகரம் கடலிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. மரத்தை வேரோடு சாய்க்கும் காற்று அதே வேகத்தில் இங்கே வந்து சேர்வது அபூர்வம். தண்ணீர் அப்படி இல்லை.

2021 நவம்பரை நினைத்துப் பாருங்கள். 19-ம் தேதி அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது புயல்கூட இல்லை, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்குப் பெயரும் கிடையாது. ஆனால் பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் மூழ்கியது. வேலூர்க் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்துபோனார்கள்.

பெயர் இல்லாத ஒன்று இவ்வளவு செய்தது எப்படி? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாடு முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 31 முதல் 49 கி.மீ. என்றால் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், பெயரும் அப்போதுதான் கிடைக்கும். 89-லிருந்து தீவிரப் புயல், 118-லிருந்து மிகத் தீவிரப் புயல். அமெரிக்காவில் சூறாவளிகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுக்கிறார்களே, அதுவும் காற்றைத்தான் அளக்கிறது. எதிலும் மழைக்கு இடமில்லை. கடலுக்குப் போகும் மீனவருக்கு இது சரியான அளவுகோல். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ இருப்பவருக்கு இது பாதிச் செய்திதான். மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால், புயல் எதைத் தின்று வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால், அதே சூட்டிலுள்ள வெந்நீர் பட்டதைவிட மோசமாகச் சுடும். ஆவி திரும்ப நீராகும்போது, ஆவியாவதற்காக வாங்கிய வெப்பத்தையெல்லாம் கையிலேயே கொட்டிவிடுகிறது. 1 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி ஏற்ற 1 கலோரி போதும். அதையே வங்கக்கடலின் வெப்பநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். கடலிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கிராம் ஆவியும் இந்த 580 கலோரியைச் சுமந்துகொண்டு மேலே போகிறது. உயரத்தில் குளிர்ந்து மேகத் துளியாகும்போது அதை இறக்கி வைக்கிறது. சுற்றியுள்ள காற்று சூடாகி, லேசாகி, இன்னும் ஏறுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அதை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று ஓடிவருகிறது, வரும் வழியில் கடலைத் தொட்டு மேலும் ஆவியை அள்ளிவருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேரே மையத்துக்குப் போகாமல் வலப்பக்கம் விலகி, நம் வட அரைக்கோளத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பிக்கிறது.

இந்த இன்ஜின் எல்லா இடத்திலும் ஓடாது. கடல் நீர் பொதுவாக 26.5 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதுவும் மேல்பரப்பில் மட்டும் இல்லாமல் சில பத்து மீட்டர் ஆழம் வரை. நடுவானத்தில் ஈரம் வேண்டும். கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று வீசினால் சுழலின் தலை வேறு, உடல் வேறாகிவிடும், அதுவும் கூடாது. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் காற்றைத் திருப்பும் விசை போதாது என்பதால், சுமார் 5 டிகிரி அட்சரேகையாவது தள்ளி இருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் கிரே 1968-ல் உலகக் கடல்களையெல்லாம் ஒப்பிட்டு இந்த நிபந்தனைகளைத் தொகுத்தார். ஐப்பசி, கார்த்திகையில் தென்மேற்கு வங்கக்கடலில் இவை அடிக்கடி ஒன்றுகூடுகின்றன. நம் ஏரிகள் நிரம்புவதும் அதனால்தான்.

சரி, கரை ஏறியதும் என்ன ஆகிறது? இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கடலிலிருந்து நேரடியாக வந்த ஆவி நின்றுபோகிறது. மரம், வீடு, குன்று என்று தரை முழுக்க உரசல் இருப்பதால் காற்றின் வேகமும் குறைகிறது. 2016 டிசம்பர் 12 பிற்பகலில் சென்னையை உலுக்கிய வர்தா புயல், மறுநாள் காலைக்குள் தாழ்வு மண்டலமாக இளைத்துவிட்டது.

இந்த உரசலுக்கு இன்னொரு முகம் உண்டு, பலரும் கவனிக்காதது. வேகமாகச் சுற்றும் காற்றை மையம் முழுதாக உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது, சுற்று வேகமே அதை வெளியே தள்ளிப் பிடித்திருக்கும். தரையில் உரசி வேகம் குறைந்ததும் அந்தப் பிடி தளர்ந்து, காற்று முன்பைவிட அதிகமாக மையத்தை நோக்கிச் சரிகிறது. நாலாபுறமிருந்தும் வந்து குவிந்த காற்றுக்குப் போக ஒரே வழி மேலேதான். ஈரக்காற்று மேலே போனால் மழை. ஆக, காற்று அடங்குவதும் மழை வலுப்பதும் சில மணி நேரத்துக்கு ஒன்றாகவே நடக்கலாம்.

ஆனால் எவ்வளவு மழை? இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். புயல் சமயத்தில் நம் தலைக்கு நேர்மேலே, தரையிலிருந்து வானத்தின் உச்சி வரை உள்ள காற்றிலிருக்கும் ஈரம் அத்தனையையும் பிழிந்து எடுத்தாலும் 6 அல்லது 7 சென்டிமீட்டர் தண்ணீர்தான் தேறும். ஆனால் 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தாழ்வு மண்டலமாக இளைத்த பிறகு, திருப்பத்தூருக்கு அடுத்த ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் பெய்தது. கடலோரத்தில் இல்லை, ஜவ்வாது மலைக்கும் அந்தப்பக்கம்! அப்படியென்றால் ஊத்தங்கரைக்கு மேலிருந்த காற்று ஒரே நாளில் பலமுறை பிழியப்பட்டு, ஒவ்வொரு முறையும் புது ஈரக்காற்று வந்து நிரப்பியிருக்கிறது. அந்தப் புதுக்காற்று வங்கக்கடலிலிருந்து வருகிறது. மையம் தரைக்கு வந்துவிட்டாலும் சுழலின் அகலம் பல நூறு கிலோமீட்டர். அதன் கிழக்குக் கை இன்னமும் கடல்மேல்தான் இருக்கும். நம்மைப் பொறுத்தவரை புயல் செத்ததா இல்லையா என்பதை முடிவுசெய்வது அந்தக் கைதான்.

அந்தக் கை நம்மை நோக்கி நீளுமா என்பது மையம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது. எதிர்க்கடிகாரச் சுற்று என்பதால் மையத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கிழக்கிலிருந்து காற்று வரும், தெற்கே இருப்பவர்களுக்கு மேற்கிலிருந்து வரும். மரக்காணம் பக்கம் கரையேறித் திருவண்ணாமலை வழியாக மேற்கே போனால், வேலூர் அதற்கு வடக்கே நிற்கும். கடல்காற்று காஞ்சிபுரம், அரக்கோணம் சமவெளியைத் தாண்டி நேரே வந்து ஜவ்வாது மலையின் கிழக்குச் சரிவில் மோதி ஏறும். மலை ஏறும் காற்று குளிரும், குளிர்ந்தால் கொட்டும். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் பக்கம்தான் கரையேறியது. அப்படி ஒரு புயல் நெல்லூர்ப் பக்கம் கரையேறினால் நாம் தெற்கே அகப்படுவோம். அப்போது வருவது கர்நாடகப் பீடபூமியிலிருந்து இறங்கும் காற்று, ஈரம் குறைவு. வரைபடத்தில் சுமார் 250 கிலோமீட்டர் வடக்கே போனால் போதும், வேலூருக்கு வெறும் மேகமூட்டத்தோடு முடிந்துவிடலாம்.

அடுத்தது நகரும் வேகம். சுழலுக்குள் காற்று வீசும் வேகம் வேறு, சுழல் முழுசாக இடம்பெயரும் வேகம் வேறு. மணிக்கு 1 சென்டிமீட்டர் பெய்யும் மழைப் பட்டை 200 கிலோமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 20 கி.மீ. நகர்ந்தால் 10 மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் பெய்து ஓய்ந்துவிடும். 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 40 மணி நேரம், 40 சென்டிமீட்டர். அமெரிக்க வானிலையாளர்களிடம் கிராஃப்ட் விதி என்று ஒரு பழைய குறுக்குவழி உண்டு: 100-ஐ நகரும் வேகத்தால் (நாட் கணக்கில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற கணக்கில்) வகுத்தால் வரக்கூடிய அதிகபட்ச மழை அங்குலத்தில் கிடைக்கும். 10 நாட் வேகத்தில் 10 அங்குலம், 5 நாட் வேகத்தில் 20 அங்குலம். புயலின் காற்று வேகம் இந்த விதியில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபின் புதுச்சேரி அருகே பல மணி நேரம் நகராமலே நின்றது. 2017-ல் டெக்சாஸில் ஹார்வி சூறாவளி அப்படித்தான் நின்று, ஓரிடத்தில் 150 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது.

கவலைப்பட வைக்கும் ஆய்வுகளும் இங்கேதான் வருகின்றன. அமெரிக்காவின் ஜேம்ஸ் கோசின் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1949 முதல் 2016 வரையான காலத்தில் உலகப் புயல்களின் நகரும் வேகம் சராசரியாக 10 சதவீதம் குறைந்திருக்கிறது. 2020-ல் ஜப்பானின் ஒகினாவாவில் லின் லி, பினாகி சக்ரபர்த்தி இருவரும் வட அட்லாண்டிக்கில் கரையேறிய சூறாவளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் ஒரு சூறாவளி கரையேறிய முதல் நாளில் தன் வலிமையில் முக்கால் பங்கை இழந்தது. இப்போது பாதியைத்தான் இழக்கிறது. கணினி மாதிரியில் புயல் கடலிலிருந்து சுமந்துவந்த ஈரத்தை மட்டும் நீக்கியபோது இந்த வித்தியாசம் மறைந்துபோனது. கடல் சூடானதால் கூடுதலாக ஏறிய ஈரம் தரையிலும் புயலுக்குச் சோறு போடுகிறது என்பது அவர்கள் முடிவு. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி கூடினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும் என்ற இயற்பியலோடு இது ஒத்துப்போகிறது. இவை வங்கக்கடலை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் இல்லைதான். ஆனால் கரையிலிருந்து ஒரு நாள் பயணத்தில் இருக்கும் நம்மைப் போன்ற ஊர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி ரேடார். சென்னைத் துறைமுகத்திலிருந்து ரேடியோ கதிர் அனுப்பி மழையைக் கண்டறியும் டாப்ளர் ரேடாரின் படத்தை இப்போது எல்லோரும் போனிலேயே பார்க்கிறோம். அது கதிரை அடிவானத்துக்குச் சற்று மேலே, அரை டிகிரி சாய்வில் அனுப்பினால், பூமியின் வளைவும் சேர்ந்து, வேலூருக்கு வரும்போது கதிர் தரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். ஜவ்வாது மலையின் உயரமே ஏறக்குறைய 1 கிலோமீட்டர்தான். மலைச் சரிவில் தாழ்வான மேகங்களில் திரளும் மழை கதிருக்குக் கீழேயே பெய்துவிடலாம். படத்தில் வெளிர்நிறமாகத் தெரியும் இடத்தில் ஓடை புரண்டு ஓடிக்கொண்டிருக்கும். அமிர்தி, ஜமுனாமரத்தூர் பக்கம் தரையில் வைக்கும் ஒவ்வொரு மழைமானியும் அதனால் மதிப்புள்ளது. ரேடாரால் பார்க்க முடியாததை அது அளக்கிறது.

கடைசியாக ஆறு. புயல் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது, ஆறு மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து கோலார், குப்பம் வழியாக வருகிறது. பொன்னையாறு சித்தூர் மாவட்டத்திலிருந்து இறங்குகிறது. நம்மைத் தாண்டிப்போன மிச்சப் புயல் அங்கே பெய்தால், அந்தத் தண்ணீர் நம் வானம் வெளுத்த பிறகு வந்து சேரும். 1903 நவம்பரில் மைசூர் ராஜ்யத்தில் ஏரிகள் உடைந்து வந்த பாலாற்று வெள்ளம்தான் வாணியம்பாடியைச் சூறையாடியது. 10 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 10 கோடி லிட்டர். மண் ஏற்கெனவே ஊறி, வரிசையாக ஏரிகள் நிரம்பி வழிந்து கோடி போய்க்கொண்டிருந்தால் அதில் பெரும்பகுதி ஆற்றுக்குத்தான் வரும். அதனால் மழை விட்ட பிறகு திருவலம், மேல்பாடி, பள்ளிகொண்டா கரையோரம் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது சித்தூர், கோலார் மழை அளவையும், கலவகுண்டா, மோர்தானா அணைகளில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பதையும்.