கடைசி ஏழு கிலோமீட்டரில் இறுகிய ஸ்டீயரிங்

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் சார்டினியா தீவில் உலக ராலி சாம்பியன்ஷிப்பின் எட்டாவது சுற்று முடியும் தறுவாயில் இருந்தது. மிச்சம் ஒரே ஒரு ஸ்டேஜ், அதாவது கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் ஒரு சாலைத் துண்டு. கடற்கரையை ஒட்டிய மண் பாதை, ஏழு கிலோமீட்டருக்கும் குறைவு. எஸ்டோனியாவின் ஓட் தானக் 26.7 வினாடி முன்னிலையில் இருந்தார். ராலியில் இது பெரிய இடைவெளி. நிதானமாக ஓட்டிக்கொண்டு போனாலே வெற்றி. ஆனால் பாதி வழியில் அவருடைய டொயோட்டா யாரிஸ் காரின் பவர் ஸ்டீயரிங் செயலிழந்தது. அந்தச் சிறிய தூரத்திலேயே இரண்டு நிமிடத்துக்கு மேல் இழந்து, ஐந்தாவது இடத்துக்குச் சரிந்தார். ஸ்பெயினின் டானி சோர்டோ எதிர்பாராமல் வெற்றி பெற்றார்.

செய்திகளில் இதை 'துரதிர்ஷ்டம்' என்று எழுதினார்கள். என்னால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. சாதாரணக் காரில் பவர் ஸ்டீயரிங் போய்விட்டால் கை வலிக்கும், முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்துவிடலாம். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவரால், உடற்பயிற்சியில் இறுகிய கைகளோடு, ஏழு கிலோமீட்டரை ஏன் சமாளிக்க முடியவில்லை? இதற்குத் தெளிவான விடை இயற்பியலில் இருக்கிறது.

ஸ்டீயரிங் சக்கரத்தைத் திருப்பினால் அடியில் இருக்கும் ஒரு பல்சக்கரம் உருளும். அது 'ராக்' எனப்படும் பல் வைத்த நீளமான தண்டை இடமோ வலமோ தள்ளும். அந்தத் தண்டுதான் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. இதில் பவர் ஸ்டீயரிங் எங்கே வருகிறது? ஸ்டீயரிங் தண்டின் அடிமுனையில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது, சக்கரங்கள் தரையின் பிடியில் முரண்டு பிடிப்பதால் அந்தக் கம்பி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்தச் சின்ன முறுக்கம் ஒரு வால்வைத் திறக்கிறது. பம்ப் அழுத்தி வைத்திருக்கும் ஆயில், எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கமாக ராக்கோடு பிணைந்த பிஸ்டனைத் தள்ளுகிறது. கை சொல்வது திசையை மட்டும், பளுவைச் சுமப்பது ஆயில்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. ராக்கைத் தள்ள 5,000 நியூட்டன் விசை தேவை என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 500 கிலோ எடைக்குச் சமம். 35 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் சுற்றளவு 1.1 மீட்டர். ஒரு முழுச் சுற்றுக்கு ராக் 50 மில்லிமீட்டர் நகர்கிறது என்றால், கை செய்யும் வேலையும் ராக் செய்யும் வேலையும் சமமாக இருக்க வேண்டும் என்ற விதிப்படி, கையின் விசை 5,000 × 0.05 ÷ 1.1. ஏறக்குறைய 227 நியூட்டன், அதாவது 23 கிலோ. ராலி காரின் ஸ்டீயரிங் இதைவிட வேகமானது. கொண்டை ஊசி வளைவில் கையை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, ஆகவே குறைந்த திருப்பத்தில் சக்கரம் அதிகம் திரும்பும்படி அமைக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 75 மில்லிமீட்டர் என்று வைத்தால் கையின் சுமை 35 கிலோவாக ஏறிவிடும்.

வேகத்துக்காகப் பல் விகிதத்தில் வாங்கிய கடன் அது. ஆயில் இருக்கும்வரை அந்தக் கடனைப் பம்ப் அடைக்கிறது. பம்ப் நின்றதும் முழுத் தொகையும் ஓட்டுநரின் தோளில் விழுகிறது. போதாக்குறைக்கு, சிலிண்டரில் தேங்கிய ஆயிலையும் இப்போது கையால்தான் தள்ள வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் இது. முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரு டிஃபரன்ஷியல், அதாவது இழுவையை இரண்டுக்கும் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி, பிணைத்திருக்கிறது. இடது சக்கரம் கல்லிலும் வலது சக்கரம் மணலிலும் ஏறும்போது, இரண்டுக்கும் கிடைக்கும் பிடி வேறுபட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகப் பிடுங்கும். வழக்கமாக அந்தப் பிடுங்கலையும் ஆயில்தான் விழுங்கிக்கொள்கிறது. அது இல்லாதபோது ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டில் வந்து அடிக்கும். இதோடு, குறுகிய வளைவில் ஒரு கையை எடுத்துக் கைப்பிரேக்கை இழுத்தாக வேண்டும். 35 கிலோவை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டா? தானக் காரை முடிவுக்கோடு வரை கொண்டுவந்து சேர்த்ததே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

ராலியைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன். வட்டப் பாதையில் எல்லாரும் ஒன்றாகப் பாயும் பந்தயம் இல்லை இது. ஒவ்வொரு காரும் தனித்தனியாகப் புறப்படும், கடிகாரத்தோடு போட்டி. அடைத்து வைத்த கிராமத்துச் சாலைகளும் காட்டுப் பாதைகளும்தான் ஸ்டேஜ். பக்கத்து இருக்கையில் நேவிகேட்டர், தானக்குக்கு மார்ட்டின் யார்வியோயா, வரப்போகும் வளைவுகளைக் குறிப்பிலிருந்து படித்துக்கொண்டே வருவார். ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் நடுவில் காரில் ஏதாவது கெட்டுப்போனால், அந்த இருவர்தான், காரிலேயே இருக்கும் கருவிகளையும் உதிரிப்பாகங்களையும் வைத்துச் சரிசெய்ய வேண்டும். மெக்கானிக்குகள் அணிகளின் பட்டறை முகாமான சர்வீஸ் பார்க்கில்தான் காரைத் தொட முடியும், அதுவும் நிமிடக் கணக்கில். இரவு சர்வீஸுக்கே 45 நிமிடம்தான்.

அந்த 2019 சீசன் முழுக்கத் தானக்கோடு கார் இப்படித்தான் மல்லுக்கட்டியது. சார்டினியாவுக்கு இரண்டு வாரம் முன்பு போர்ச்சுகலில் ஷாக் அப்சார்பர்கள் தகராறு செய்தன. சனிக்கிழமை டொயோட்டா கார்கள் முன்னணியில் இருந்தபோது அணித்தோழர் யாரி-மட்டி லாட்வாலா அந்தக் கோளாறால் அன்றைக்கு விலக நேர்ந்தது. தானக்கின் காரிலும் அதே சிக்கல். அவர் எப்படியோ தாங்கிப் பிடித்து அந்த ராலியை வென்றார்.

ஷாக் அப்சார்பர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. காரின் பளுவைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பித் தரும், விட்டால் கார் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக்கித் தீர்த்துக்கட்டுவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஊசி போடும் சிரிஞ்சில் மருந்து மெல்லிய துளை வழியாகப் போகும்போது கட்டைவிரலில் ஒரு எதிர்ப்பு தெரியுமே, அதேதான் இதற்குள்ளும் நடக்கிறது. பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியே ஆயில் நெருக்கியடித்துப் போகிறது, உராய்கிறது, சூடாகிறது.

எவ்வளவு சூடு? அன்றைய விதிப்படி காரின் குறைந்தபட்ச எடை 1,190 கிலோ. இரண்டு பேரையும் சேர்த்து 1,350 கிலோ என்று வைப்போம். ஒரு மேட்டிலிருந்து பறந்து ஒரு மீட்டர் கீழே விழுந்தால், தீர்க்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 13,000 ஜூல். நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 3,300. ஒரு கிலோ ஆயிலை இது இரண்டு டிகிரிகூடச் சூடாக்காது! பார்வையாளர்கள் கைதட்டிக் கொண்டாடும் அந்தப் பாய்ச்சலை ஷாக் அப்சார்பர் வெப்ப அளவில் சுலபமாகவே கடந்துவிடுகிறது. அதைக் கொல்வது யாரும் படம் பிடிக்காத சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரே ஸ்டேஜில் ஆயிரக்கணக்கில் வரும், இடையில் ஆறுவதற்கு அவகாசம் கிடையாது. அதே பாதையில் பிற்பகல் இரண்டாம் முறை போகும்போது மேல்மண் அரித்துப் போய்ப் பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

சூடு ஏற ஏற ஆயில் நீர்த்துப் போகும். துளைகளில் எதிர்ப்பு குறையும். ஆயிலில் குமிழி கட்டிவிடாமல் இருக்க உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள், சீல் ஒன்று பழுதானால் அதுவும் போயிற்று. அப்புறம் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் துள்ளும். காற்றில் இருக்கும் சக்கரத்தால் திருப்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. மூன்று நல்ல சக்கரமும் ஒரு துள்ளும் சக்கரமுமாக ஓட்டி முதலிடத்தைக் காப்பாற்ற, எந்தப் பள்ளத்தை எந்தப் பக்கச் சக்கரம் வாங்கலாம் என்று ஒவ்வொரு நொடியும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என்ஜின் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரின் கதை அர்ஜென்டினாவில். சனிக்கிழமை இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது மின்சாரம் கைவிட்டது, ராலி முடிவில் எட்டாவது இடம். பெட்ரோலில் ஓடும் காருக்கு மின்சாரம் போனால் என்ன என்று தோன்றலாம். இந்த 1.6 லிட்டர் டர்போ என்ஜினில் பெட்ரோலைத் தொட்டியிலிருந்து தூக்குவது மின் பம்ப். எந்த மில்லி விநாடியில் எவ்வளவு பீய்ச்சுவது என்று முடிவு செய்வது கணினி, பீய்ச்சும் ஊசிகளைத் திறப்பதும் மின்சாரம். ரேடியேட்டர் விசிறி, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். எடை குறைக்க பேட்டரியையும் சின்னதாகவே வைக்கிறார்கள். மாதிரிக்கு, கார் 50 ஆம்பியர் இழுக்கிறது, பேட்டரி 25 ஆம்பியர்-மணி என்றால், அரை மணி நேரத்தில் எல்லாம் காலி. அதற்குள் சர்வீஸ் பார்க் வந்துவிட்டால் தப்பிக்கலாம். ராலியில் சர்வீஸ் பார்க் அவ்வளவு பக்கத்தில் இருப்பது அபூர்வம்.

துருக்கியில் அந்தக் கணினியே போனது. செப்டம்பரில், சனிக்கிழமை காலை முதல் ஸ்டேஜுக்கு முன்பே கார் நின்றுவிட்டது. என்ஜினையும் பிறவற்றையும் ஆளும் அந்தப் பெட்டி உயிர்விட்டால் சாலையோரத்தில் செய்ய ஒன்றுமே இல்லை. ராலி காரில் மின்னணுவுக்கு மூன்று எதிரிகள்: வெப்பம், தூசி, அதிர்வு. சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கி, நடுவில் ஓயாமல் நடுங்கும் பலகையில் ஈயப்பற்று இணைப்புகள் மெல்ல மெல்லச் சோர்ந்து விரிசல் விடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. நெளிந்த இரும்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், இதை என்ன செய்வது? (மான்டி கார்லோவிலும் கோர்சிகாவிலும் பஞ்சரால் நேரம் போனது தனி.)

இத்தனைக்கும் தானக் கார்கள் கெட்டுப்போவதற்குப் புதியவர் அல்ல. 2015இல் மெக்சிகோவில் அவர் ஓட்டிய ஃபோர்டு ஃபியஸ்டா பாதையை விட்டு விலகி ஒரு நீர்த்தேக்கத்துக்குள் முழுசாக மூழ்கியது. அவரும் அன்றைய நேவிகேட்டரும் நீந்திக் கரையேறினார்கள். அணியின் மெக்கானிக்குகள் காரை வெளியே இழுத்து, மூன்று மணி நேரத்தில் பிரித்துக் காயவைத்துக் கோத்து, அடுத்த நாள் ஓடவிட்டார்கள். ராலி மெக்கானிக்குகளின் கைத்திறனுக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு உடைசலோடு எப்படிச் சாம்பியன் ஆனார்? ஒரு பாதி விடை எளிது. கார் உடையாத நாட்களில் அது எல்லாரையும்விட வேகமாக இருந்தது. ஸ்வீடன், சிலி, போர்ச்சுகல், பின்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் என்று ஆறு ராலிகளை வென்றார். எடையைக் கிராம் கிராமாகச் செதுக்கி, ஒவ்வொரு பாகத்தையும் அதன் தாங்கும் எல்லைக்கு அருகில் இயக்குவதால்தான் அந்த வேகம் கிடைக்கிறது. எல்லைக்கு அருகில் இருப்பது சில நாட்களில் எல்லையைத் தாண்டிவிடும். உடைசலுக்கும் வேகத்துக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

மறு பாதி, புள்ளிக் கணக்கு. 2019இல் வெற்றிக்கு 25, அடுத்து 18, 15, 12, 10 என்று இறங்கியது. சார்டினியாவில் அந்த ஏழு கிலோமீட்டர் 25ஐ 10 ஆக்கியது. அர்ஜென்டினாவில் எட்டாம் இடத்துக்கு 4. ஆனால் ராலியின் கடைசி ஸ்டேஜான பவர் ஸ்டேஜில் முதல் ஐந்து வேகமான கார்களுக்கு 5, 4, 3, 2, 1 என்று தனிப் புள்ளிகள் உண்டு. ஒட்டுமொத்தத்தில் எத்தனையாவது இடம் என்பது அதற்குப் பொருட்டில்லை. துருக்கியில் சனிக்கிழமை முழுவதையும் இழந்த தானக், கணினி மாற்றிய காரோடு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து பவர் ஸ்டேஜில் முதல் நேரம் போட்டு 5 புள்ளி எடுத்தார். வெல்ல எதுவுமே இல்லாத ராலியில், களைத்த மெக்கானிக்குகளோடு, முழு மூச்சில் ஒரு ஸ்டேஜ். அந்தச் சீசனில் எனக்கு மிகப் பிடித்த ஓட்டம் இதுதான், ஆறு வெற்றிகளையும்விட.

அக்டோபரில் ஸ்பெயினின் கடலோனியாவில் பெல்ஜியத்தின் தியரி நூவில் வென்றார். மூன்றாவதாக இருந்த தானக் பவர் ஸ்டேஜில் மறுபடியும் முதல் நேரம் போட்டு, சோர்டோவைத் தாண்டி இரண்டாமிடம் பிடித்து, பட்டத்தை அங்கேயே உறுதிசெய்தார். 2004 முதல் 2018 வரை பதினைந்து ஆண்டுகள் செபாஸ்டியன் லோப், செபாஸ்டியன் ஓஷியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்த பட்டம் முதன்முறையாக எஸ்டோனியாவுக்குப் போனது. காட்டுத்தீயால் ஆஸ்திரேலியச் சுற்று ரத்தானதால் அந்தப் புள்ளிகளே இறுதியானவை: தானக் 263, நூவில் 227. இடைவெளி 36. நூவிலும் பவர் ஸ்டேஜில் புள்ளி சேர்த்தவர்தான். தானக்கின் 263இல் பவர் ஸ்டேஜில் மட்டும் வந்தவை 40.