பாலாற்றங்கரை நஷ்டஈடு: கொடுப்பது யார், கேட்பது எப்படி?

பேரணாம்பட்டுப் பக்கம் என் மாமாவுக்கு ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைகள், விட்ட கழிவுநீரால் கெட்டுப்போன நிலம். அங்கே கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். வெயில் ஏறினால் வரப்பு முழுக்க வெள்ளையாக உப்புப் பூக்கும். போன மாதம் போயிருந்தபோது மரப்பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து என் மடியில் வைத்தார். "நஷ்டஈடு வரும்னு சொல்லியே எத்தனையோ வருசம் ஆச்சு மாப்ள. அது கவர்மென்ட் குடுக்கறதா, கம்பெனிக்காரன் குடுக்கறதா? அதையாவது சொல்லு" என்றார்.

கொடுக்க வேண்டியவர் கம்பெனிக்காரர். இது நிவாரணம் இல்லை, அரசு பார்த்துப் போடும் உதவித்தொகையும் இல்லை. மண்ணையும் நீரையும் கெடுத்தவர்தான் அதற்கான பணத்தைக் கட்டவேண்டும் என்ற விதி, நம் வடாற்காட்டு, அதாவது பழைய வேலூர் மாவட்டத்து, தோல் ஷாப் வழக்கில்தான் இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் நாட்டின் எந்த மூலையில் சூழல் வழக்கு நடந்தாலும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

கெட்டது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஷாப்புக்கு வரும். அதை அலசும்போது உப்பெல்லாம் தண்ணீரில் இறங்கும். அப்புறம் சுண்ணாம்பு, குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. சாதாரணச் சுத்திகரிப்பில் அழுக்கு போகும், கரைந்த உப்பு போகாது. அதற்கு உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. வேண்டும், மிஞ்சுவதைக் காய்ச்சி வற்றவைக்கவும் வேண்டும். செலவு பிடிக்கிற வேலை. அந்தச் செலவைப் பல வருடங்கள் பாலாற்றின் தலையில் கட்டினார்கள். ஷாப்புகள் இருந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக ஓர் ஆய்வைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது.

எதிர்த்தரப்பு வாதமும் லேசானதல்ல. தோல் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வருகிறது, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு கிடைக்கிறது. எங்கள் குடும்பத்திலேயே பாதிப் பேர் தோல் ஷாப் சம்பளத்தில் படித்தவர்கள். நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்காகச் சூழலை அழிக்க எந்தத் தொழிலுக்கும் உரிமை கிடையாது என்றது. வேகமாக வளரும் நாடு என்று சொல்லி இன்றும் இதே வாதத்தை வைக்கிறவர்களுக்கு, பதில் 1996-லேயே சொல்லியாகிவிட்டது.

சரி, பணம் வரும் வழி. தீர்ப்பின்படி சூழல் இழப்பு ஆணையம் ஒன்று அமைந்தது. கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்க எவ்வளவு, நஷ்டப்பட்ட ஆட்களுக்கு எவ்வளவு என்று இரண்டு தலைப்பில் அது கணக்குப் போடவேண்டும். எந்தக் கம்பெனி எவ்வளவு கட்டவேண்டும், யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்ற பட்டியல் கலெக்டருக்குப் போகும். கட்டாத கம்பெனியிடமிருந்து நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல ஜப்தி வரைக்கும் போய் வசூலிக்கலாம்.

2001 மார்ச் 7 அன்று ஆணையம் முதல் உத்தரவைப் போட்டது. 547 தொழிற்சாலைகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. 1991 முதல் 1998 வரையிலான நஷ்டத்துக்கு அவ்வளவுதான். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. 2009-இல் இன்னோர் உத்தரவு வந்தது. அதன் பிறகும் பலர் கைக்குப் பணம் வராமல் வழக்கு மறுபடியும் டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இப்போது முக்கியம். 2001, 2009 உத்தரவுகளின்படி இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, கம்பெனிகளிடம் அப்புறம் வசூலித்துக்கொள்ள வேண்டும். சூழல் சீராகும் வரை கம்பெனிகளின் பொறுப்பு தீராது.

ஆகவே முதல் வேலை, உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. கலெக்டர் ஆபீஸுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். கிராமம், சர்வே நம்பர் எழுதி, இந்த நிலத்துக்கு எவ்வளவு தொகை முடிவானது, யார் பெயரில், பட்டுவாடா ஆன தேதி என்ன என்று மட்டும் கேளுங்கள். கதை எழுதினால் பதிலும் கதையாக வரும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததை மறக்கவேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், வாலாஜா, ஆற்காட்டுக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போடவேண்டும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

பட்டியலில் பெயர் இல்லை, கெட்டது புதிதாக நடந்தது என்றால் வழி வேறு. சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே 2010-ஆம் ஆண்டுப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம். பயிர், மண், கால்நடை நஷ்டம் எல்லாம் அதில் அடங்கும். பாதிப்பு தொடங்கி ஐந்து வருடத்துக்குள் கேட்கவேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேற்கொண்டு 60 நாள். கேட்கிற தொகையில் நூற்றுக்கு ஒன்று கட்டணம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

இரண்டில் எந்த வழியில் போனாலும் பட்டா, சிட்டா, அடங்கல், தேதியோடு கூடிய தண்ணீர், மண் பரிசோதனை முடிவுகள் வேண்டும். பட்டாதாரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழும். மாமாவின் மஞ்சள் பையில் மற்றதெல்லாம் இருந்தது. பட்டா மட்டும் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது, வாரிசுச் சான்றிதழும் வாங்கவில்லை. நாளைக்கு அதற்குத்தான் இ-சேவை மையத்துக்குப் போகிறோம்.