சவர்த்தண்ணியிலும் டெங்கு நுளம்பு

மாரி தொடங்கியதும் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவுக்குள் வந்து சிரட்டை, டயர், கூரைப் பீலி எல்லாம் பார்த்துவிட்டுப் போவார். டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்று நாங்களும் கடற்கரைப் பக்கத்தை மறந்துவிடுகிறோம். அங்கேதான் பிழை விடுகிறோம்.

யாழ். பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. நோபிள் சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி ஆகியோரின் குழு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. யாழ்ப்பாணக் கரையோரத்தில் எறிந்து கிடந்த போத்தல்கள், கைவிட்ட வள்ளங்கள், பாவிக்காத கிணறுகளில் தேங்கிய சவர்த்தண்ணியில், அதாவது உப்புக் கலந்த நீரில், டெங்கு நுளம்பின் குடம்பிகள் (முட்டையிலிருந்து வரும் புழுக்கள்) இருந்தன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரிலும் அவை வளர்ந்தன. கடல்நீரில் சுமார் 35 கிராம். ஆக, கிட்டத்தட்டப் பாதிக் கடல்.

உப்பு ஏன் தடையாக இருக்க வேண்டும்? நன்னீரில் குடம்பியின் உடலுக்குள் தண்ணீர் தானாகப் புகும். உப்பு வெளியே கசியும். இழந்த உப்பை வாலோரத்தில் உள்ள நான்கு சிறு மடல்களால் அது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். உப்புக் கூடிய நீரில் எல்லாம் தலைகீழ். ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய் சுருங்குவதுபோல உடல்நீர் வெளியே இழுபடும். சவர்த்தண்ணியில் வளர்ந்த குடம்பிகளைப் பிறகு சோதித்தபோது அவற்றின் மேற்தோல் தடித்திருந்தது. அந்தத் தோல் தண்ணீரைக் காக்கிறது. அதைவிடக் கவலை தருவது, குடம்பியைக் கொல்லப் போடும் டெமிபொஸ் மருந்தையும் அவை கூடுதலாகத் தாங்கின.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் குடிக்கிறோம். அதை அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே ஏறிக் கிணறு சவராகும். சவரான கிணற்றைக் கைவிட்டால் அதுவே நுளம்புக்குத் தொட்டில்.

சரி, என்ன செய்யலாம்? குருநகர் போன்ற கரைகளில் பாவிக்காத வள்ளத்தைக் கவிழ்த்துவிடுங்கள். கிணற்றை வலையால் மூடலாம். குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடலாம், அது ஓரளவு சவரைத் தாங்கும். தொட்டி, வாளிகளைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த மழை நனைத்ததும் பொரித்து, பத்து நாளுக்குள் பறக்கத் தொடங்கிவிடும்.