விடாப்பிடி – சொல் விளக்கம்

பெர்செவரன்ஸ், பெர்செவரேஷன் என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டும் ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. ‘செவெருஸ்’ என்றால் கண்டிப்பானது. ‘பெர்’ அதை அழுத்துகிறது. முன்னது புகழ்ச்சி, விடாமுயற்சி. பின்னது உளவியலாளர் குறித்துவைக்கும் குறை. அதற்கும் விடாமுயற்சி என்றே எழுதுவது பிழை. விடாப்பிடி என்பதே பொருத்தம். ஒரு எச்சரிக்கை: பேச்சுவழக்கில் விடாப்பிடி வேண்டுமென்றே பிடிக்கும் பிடிவாதம், இங்கே மனம் தானறியாமல் பழைய விதியில் சிக்கிக்கொள்கிறது.

1948-இல் வெளியான விஸ்கான்சின் அட்டைத் தேர்வு இதை அளக்கிறது. அட்டைகளை நிறம், வடிவம், எண்ணிக்கை என ஏதோவொரு விதிப்படி பிரிக்கவேண்டும். விதியைச் சொல்லமாட்டார்கள், சரி, தவறு மட்டுமே சொல்வார்கள். தொடர்ந்து பத்து சரியானதும் விதி ஓசையின்றி மாறும். முன்மூளையின் ஒரு பகுதி அறுவையில் நீக்கப்பட்டவர்கள் ‘தவறு’ என்று கேட்டபின்னும் பழைய விதியிலேயே அடுக்கியதை நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் 1963-இல் காட்டினார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியருக்கும் இது புதிதல்ல. பத்துக் கூட்டலுக்குப் பின் ஒரு கழித்தல் வந்தால் சில பிள்ளைகள் அதையும் கூட்டிவிடுவார்கள். கழிக்கத் தெரியாமல் அல்ல. விடை எழுதுமுன் குறியை வட்டமிடச் சொன்னால் போதும். கழித்தலையே திரும்ப நடத்துவது வீண்.

எதிர்ப்பக்கச் சொல் நெகிழ்வு. சங்கப் பாடல்களில் தலைவியின் தொடி (வளையல்) நெகிழ்கிறது, அதாவது கழன்று விழுகிறது. எச்சரிக்கை சொல்லிலேயே இருக்கிறது: பிடி தளர்ந்தால் மனம் விதி மாற்றத்தை எளிதில் ஏற்கும், கூடவே எதற்கும் கவனம் சிதறும். இனிய படங்களைப் பார்த்தவர்களிடம் இரண்டும் சேர்ந்தே வந்ததை உளவியலாளர்கள் டிரைஸ்பாக், கோஷ்கே 2004-இல் கண்டார்கள். முன்மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைந்தாலும் மிகுந்தாலும் இந்தச் சமன் குலையும்.

சமன் என்றதும் நடுவில் நிற்பது என்று எண்ணவேண்டாம். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுப்பவர் ஒவ்வொரு மரத்திலும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவுவார். கத்தி ஆழமானால் பட்டைக்கு அடியில் வளர்ச்சி நடக்கும் வளர்படலம் காயப்படும், பிறகு அங்கே முண்டும் முடிச்சும்தான். அந்தக் கைப்பிடி நூற்றுக்கணக்கான மரங்களுக்கு மாறக்கூடாது. மழை கறுத்தாலோ மீதி நிரையை அப்படியே விட்டுவிட்டு, வடிந்தவரை பாலை எடுக்கத் திரும்பவேண்டும். இல்லையேல் கோப்பை நிரம்பி எல்லாம் தண்ணீரோடு போகும். கையில் விடாமை, வேலை வரிசையில் நெகிழ்வு. ஒரே ஆளிடம் ஒரே காலையில் இரண்டும் வேறு வேறு மட்டத்தில் இயங்குகின்றன. ஆகவே விடாமையும் நெகிழ்வும் சேர்ந்த இந்த முழு ஆற்றலையும் ‘மனக்கட்டுப்பாடு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அது ஆசையை அடக்குவதாகிவிடும். ‘செயல் ஆளுகை’ என்றால் பிடிப்பதும் விடுவதும் இரண்டும் அதற்குள் அடங்கும்.