டெலிமெட்ரியை நிறுத்தப் போய் அப்டேட்டை நிறுத்திவிடாதீர்கள்

மறுபடியும் ஒரு லேப்டாப், மறுபடியும் அதே கதை. விண்டோஸ் நம்மை வேவு பார்க்கிறது என்று யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்த ஸ்கிரிப்டை, அதாவது கணினியின் அமைப்புகளை மாற்றும் கட்டளைத் தொகுப்பை, இறக்கி, அட்மின் அனுமதியும் கொடுத்து ஓட்டியிருக்கிறார் லேப்டாப்பின் சொந்தக்காரர். டெலிமெட்ரி, அதாவது கணினி தன் பயன்பாட்டைப் பற்றி நிறுவனத்துக்கு அனுப்பும் தகவல், நின்றதோ இல்லையோ, அப்டேட் நின்றுவிட்டது. வைரஸ் தடுப்பும் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அப்படியே ஓடியிருக்கிறது. பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் களவு போய், மெயில் கணக்கு கைவிட்டுப் போன பிறகுதான் என்னிடம் வந்தார். "தனியுரிமைக்காகத்தானே சார் செய்தேன்" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

கணினிகளைப் பராமரிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததிலிருந்து இந்த மாதிரிக் கேஸ்கள் கூடிவிட்டன. அடுத்து எதற்கு மாறுவது என்று யோசிக்கும்போதே தனியுரிமை பற்றிய பயமும் வருகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் எந்த இயங்குதளம் என்று யோசிக்க வேண்டிய நேரத்தில் யோசிக்காமல், கிடைத்ததை நிறுவிவிட்டு, அப்புறம் அதோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் என்னை மிகவும் சோதிக்கிறது. விண்டோஸ் ஹோம், புரோ பதிப்புகளில் மைக்ரோசாஃப்டுக்குப் போகும் கண்டறிதல் தரவை 'அவசியமானது மட்டும்' என்ற அளவுக்குக் குறைக்கலாம். அடியோடு நிறுத்த முடியாது. அந்த வசதி நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான பதிப்புகளில்தான் உண்டு. சரி, ஸ்கிரிப்ட் எழுதியவர் என்ன செய்கிறார்? பின்னணியில் ஓடும் சில சர்வீஸ்களை முடக்குகிறார், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கிறார், எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாஃப்டின் முகவரிகளை அடைக்கிறார். 2020-லிருந்து அந்த அடைப்பையே ஆபத்தான மாற்றம் என்று விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் எச்சரிக்கிறது. அதனால் டிஃபெண்டரையும் அணைத்தாக வேண்டும். அடுத்த பெரிய அப்டேட் வந்தால் மாற்றியதில் பாதி பழையபடி திரும்பிவிடலாம். அதனால் அப்டேட்டையும் அணைத்தாக வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் மற்ற மாற்றங்களோடு ஒரே மூட்டையாகத்தான் வருகின்றன. அதை மட்டும் தனியே எடுத்துக்கொள்ள வழியில்லை. கடைசியில் நடந்தது என்ன? பெயர் தெரிந்த ஒரு நிறுவனத்திடமிருந்து தப்பிக்க, ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு கணினி முழுவதற்கும் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்.

நிறுவனம் எதை எடுக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். நான் ஒன்றை வேண்டாம் என்று அணைத்தால் அது அணைந்தே இருக்குமா, அதை முழுசாக நீக்க முடியுமா என்று கேளுங்கள்.

வட்டு மறையாக்கத்தையே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி வட்டைப் பூட்டுவதையே, பாருங்கள். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான கணினிகளில் அது தானாகவே இயங்கத் தொடங்கும். நல்ல விஷயம்தான், லேப்டாப் திருடு போனால் கோப்புகள் தப்பும். ஆனால் அதைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், அதாவது அவர்களுடைய சர்வரில், போய் உட்காரும். நீங்கள் தொலைத்தால் அங்கிருந்து எடுக்கலாம். சட்டப்படி கேட்பவர்களுக்கும் அங்கிருந்து கிடைக்கும். ஆப்பிளின் மேக்கில் இதே வேலையைச் செய்யும் ஃபைல்வால்ட்டை இயக்கும்போது சாவியை ஐகிளவுடில் விடாமல் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளலாம். இலவச இயங்குதளமான லினக்ஸில் அது முழுக்க உங்கள் பொறுப்பு. கடவுச்சொல்லை மறந்தால் என்னால் மட்டுமல்ல, யாராலும் திறக்க முடியாது. அழுதுகொண்டு வருவார்கள், நானும் கூட உட்கார்ந்து வருத்தப்படலாம், அவ்வளவுதான்.

மேக் வைத்திருப்பவர்கள் ரொம்ப நிம்மதியாக இருக்க வேண்டாம். 2020 நவம்பரில் ஆப்பிளின் சர்வர் ஒன்று திணறிய நாளில், உலகம் முழுக்க மேக்குகளில் செயலிகள் திறக்காமல் தடுமாறின. செயலியைத் திறக்கும்போது அதை உருவாக்கியவரின் சான்றிதழ் செல்லுமா என்று கணினி வெளியே விசாரிக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு, அந்தச் சோதனையில் ஐபி முகவரிகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டதாக ஆப்பிள் சொன்னது.

லினக்ஸும் புனிதப் பசு அல்ல. 2012-இல் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் 12.10 பதிப்பு, உங்கள் கணினிக்குள்ளேயே நீங்கள் தேடும் சொற்களை வெளியே அனுப்பி, அமேசான் பொருள்களைக் கொண்டுவந்து காட்டியது. எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் 2016-இல் 16.04 பதிப்பு வரும்வரை அந்தத் தேடல் இயல்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றவர்கள் மட்டும் அமைப்புகளில் அணைத்தார்கள், அல்லது அந்தத் தேடலுக்கான மென்பொருள் பொதியையே ஒரே கட்டளையில் நீக்கினார்கள். நீக்கியது நீங்கியது. அதன் பிறகு அப்டேட்டை நிறுத்த வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. டெபியன், ஃபெடோரா, மின்ட் என்று லினக்ஸ் விநியோகங்களில், அதாவது வகைகளில், எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எந்த விநியோகம் அழகு என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

லினக்ஸுக்கு மாறிய கையோடு அதே பிரவுசர், அதே கணக்கு, பிரவுசரில் அதே நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) என்று போடுபவர்களிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. உங்களைப் பற்றி வெளியே போவதில் பெரும்பகுதி பிரவுசர் வழியாகத்தான் போகிறது. அதை மாற்றாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றி என்ன பயன்?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முதலில் எந்த மென்பொருள் இல்லாவிட்டால் உங்கள் வேலை நின்றுபோகும் என்று பாருங்கள். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் விண்டோஸிலேயே இருங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். அமைப்புகளில் தனியுரிமைப் பக்கத்துக்குப் போய் விளம்பர அடையாள எண், கூடுதல் கண்டறிதல் தரவு, இருப்பிடம் ஆகியவற்றை அணையுங்கள். உங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கு மேல் நோண்டாதீர்கள். வேலை வேறு இடத்திலும் நடக்கும் என்றால், ஒரு பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரின்டர், தமிழ் விசைப்பலகை எல்லாம் சரியாக வந்த பிறகு நிறுவலாம். எதை நிறுவினாலும் கணக்கு தொடங்கும் திரையில் நீங்களே உட்காருங்கள். நிறுவிக் கொடுப்பவரின் மெயிலில் கணக்கு தொடங்கினால் உங்கள் வட்டின் சாவி அவரிடம் இருக்கும். ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பில் கோப்பாக அல்ல! கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக்கொண்டு தனியுரிமை பற்றி என்னிடம் பேசவே பேசாதீர்கள்.

ஏற்கெனவே அப்படி ஒரு ஸ்கிரிப்டை ஓட்டியிருந்தால், அதிலேயே இருக்கும் 'பழையபடி ஆக்கு' பொத்தானை நம்ப வேண்டாம். கோப்புகளை பேக்கப் எடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியில் உட்கார்ந்து மாற்றுங்கள். பிறகு வட்டை அழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். எது எது கெட்டிருக்கிறது என்று தேடித் தேடிச் சரிசெய்வதைவிட அதுதான் சீக்கிரம் முடியும், உங்களுக்கும் எனக்கும்.