அழைப்பெண் மறைப்பு: சொல் விளக்கம்

தொலைபேசியில் ஒருவரை அழைக்கும்போது, அழைப்பவரின் எண் எதிர்முனைத் திரையில் தோன்றாதபடி செய்யும் வசதியை அழைப்பெண் மறைப்பு எனலாம். பேச்சு வழக்கில் ‘பிரைவேட் நம்பர்’, ‘நோ காலர் ஐடி’ என்பவை வழங்குகின்றன. தொழில்நுட்ப ஆவணங்களில் இதன் பெயர் ‘காலிங் லைன் ஐடென்டிஃபிகேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன்’, சுருக்கமாகச் சிஎல்ஐஆர்.

அந்த நீண்ட பெயரிலுள்ள ‘லைன்’ இணைப்பைக் குறிக்கிறது. தரைவழித் தொலைபேசிக் காலத்தில் எண் ஓர் இணைப்புக்கு உரியதாக இருந்ததேயன்றி ஆளுக்கு உரியதாக இருக்கவில்லை. வீட்டிலுள்ள எவரும் அதே எண்ணிலிருந்து பேசினர். ஆகவே ‘அழைப்பாளர் அடையாள மறைப்பு’ என்று எழுதுவது பொருளைத் தேவைக்கு மேல் விரித்துவிடுகிறது. இங்கே மறைவது எண் மட்டுமே.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எண் காட்டும் சேவை பரவத் தொடங்கும் வரை வீட்டுத் தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் யாவும் எண் தெரியாத அழைப்புகளே என்பதால், மறைப்பதற்கென ஒரு சொல் தேவைப்படவில்லை. அச்சேவை வந்ததும், குடும்ப வன்முறையிலிருந்து தப்பிய பெண்களுக்காகக் குரல் கொடுத்தோர், புகலிடத்திலிருந்து செல்லும் ஓர் அழைப்பே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எச்சரித்தனர். எண்ணுக்கு முன் வட அமெரிக்காவில் *67, பிரிட்டனில் 141, ஜிஎஸ்எம் என்னும் தொழில்நுட்பத் தரத்தில் இயங்கும் கைப்பேசிகளில் #31# என்று அழுத்தி மறைக்கும் முறைகள் வழக்கிற்கு வந்தன. இந்தியாவில் சாதாரணச் சந்தாதாரர்களுக்கு இவ்வசதி பொதுவாக வழங்கப்படுவதில்லை.

மறைப்பு என்றாலும், எண் அழிந்துவிடுவதில்லை. அது வழக்கம்போல் வலையமைப்பின் வழியே பயணம் செய்கிறது. ‘பெறுநருக்குக் காட்டாதே’ என்னும் குறியொன்று மட்டும் உடன் செல்கிறது. அழைப்பைச் சேர்ப்பிக்கும் நிறுவனம் எண்ணை அறியும். பல நாடுகளில் அவசர உதவி மையங்களுக்கு அந்தக் குறியை மீறி எண் காட்டப்படுகிறது. ஆங்கிலத்தில் இத்தகைய எண்ணை ‘வித்ஹெல்டு’ என்பர்: கையிலிருந்தும் கொடுக்கப்படாதது என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு மிக நெருங்கிய பழஞ்சொல் ‘கரத்தல்’. திருக்குறளின் ‘இரவு’ அதிகாரம், தன்னிடம் உள்ளதை இரப்பவர்க்குக் கொடாமல் ஒளித்தல் என்னும் பொருளில் இதனை ஆள்கிறது. பொருள் நுட்பத்தில் ‘எண் கரப்பு’ என்பதே முதலிடம் பெறும் என்பது என் கருத்து. ஆயினும் இன்றைய வாசகர் அகராதியைத் தேடாமல் புரிந்துகொள்ள வேண்டுமென்பதால் ‘மறைப்பு’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.

‘மறையெண்’ என்று சுருக்குவது பொருந்தாது. ‘எதிர்மறை எண்’ கணக்கிலும், ‘மறை’ இரகசியக் குறிகள் தொடர்பான கலைச்சொற்களிலும் முன்பே இடம்பிடித்துவிட்டதால், மறையெண் என்றதும் கடவுச்சொல் போன்ற ஒன்றே நினைவுக்கு வரும். மொட்டைக் கடிதம் என்பதை ஒட்டி ‘மொட்டை அழைப்பு’ எனலாமா என்றால், அச்சொல் அவதூறின் வாடையைச் சுமந்து வருவது. தன் கைப்பேசியிலிருந்து நோயாளியை அழைக்கும் மருத்துவர் எண்ணை மறைப்பதில் அவதூறு ஏதுமில்லை. இலங்கையில் தொலைபேசி எண்ணை ‘இலக்கம்’ என்பதே வழக்காதலால், அங்கு ‘அழைப்பிலக்க மறைப்பு’ என்பது இயல்பாக அமையும்.

திரையில் வரும் ‘அன்னோன்’ என்பதை இதனோடு ஒன்றாக்கக் கூடாது. அது பெரும்பாலும் எண் வந்து சேரவே இல்லை என்பதைக் குறிப்பது. அதற்குக் ‘கிடைக்காத எண்’ பொருந்தும். வாடகை வண்டிச் செயலிகளில் ஓட்டுநரும் பயணியும் நிறுவனத்தின் பொது எண் வழியே பேசுவதை ‘இடையெண் அழைப்பு’ எனலாம். வேறோர் எண்ணைத் தன் எண்ணாகக் காட்டும் ‘ஸ்பூஃபிங்’ முற்றிலும் வேறானது. அதற்குப் ‘பொய்யெண் காட்டல்’ என்பதே தகும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், தொலைத்தொடர்பு அடையாளத்தைத் திரிப்பதற்கு மூன்றாண்டு வரை சிறையோ, 50 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. செய்தி எழுதுவோர் இத்தகைய மோசடியை ‘எண்ணை மறைத்து அழைத்தார்’ என்று குறிப்பிட்டால், நடந்த குற்றமே வேறொன்றாகப் பதிவாகிவிடும்.